சொட்டிக்கொண்டு போன மூட்டை

முதலில் கேட்டது துடுப்பின் சத்தம்தான். பௌர்ணமிக்கு மறுநாள் விடியற்காலை. வேங்கிக்கால் வீட்டின் மொட்டை மாடியில் பல் துலக்கிக்கொண்டு நின்றிருந்தேன். மலை உச்சியில் மட்டும் வெளிச்சம் பட்டிருந்தது. கீழே நொச்சி ஏரி இன்னும் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

எங்கள் குழுவின் படகு மதகுப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் மட்டும் எடுக்க வேண்டிய படகு. அதில் ஒரே ஆள். தலையில் வெள்ளைத் தொப்பி. குனிந்து வலையால் எதையோ அள்ளுவதும் நிமிர்ந்து கோணியில் கொட்டுவதுமாக இருந்தார்.

பிறகு கரையேறி, மூட்டையை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு பைபாஸ் பக்கம் போனார். போன வழியெல்லாம் தார் ரோட்டில் தண்ணீர் சொட்டிய கோடு.

அது காதர். என் பள்ளித் தோழன். படகின் சாவியை நாங்கள் நம்பிக் கொடுத்திருந்த ஆள். வாயில் பற்பசை நுரையோடு நான் நினைத்த முதல் வார்த்தை, திருடன்.

இந்தத் தொடரில் இதற்கு முன் அவன் பெயரை ஓரமாகச் சொல்லிவிட்டு நழுவியிருக்கிறேன். "அந்தக் காதர் அப்புறம் என்ன ஆனார்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கேள்வி வந்து நாளாகிவிட்டது. பதில் என்னிடம் இருந்தது, எழுதத்தான் கை வரவில்லை.

பால்மானியும் பிட்டும்

சந்தேகம் எங்கள் குடும்பச் சொத்து. அப்பா, பால்காரர் ஊற்றும் பாலில் தினமும் பால்மானியை மிதக்க விட்டுப் பார்ப்பார். பால் சரியாக இருந்தாலும் அவருக்கு நிம்மதி வராது. "இன்னைக்கு எப்படியோ தப்பிச்சிட்டான்" என்பார், பால்காரர் காதில் விழும்படியே. நான் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறேன்.

வளர்ந்து கல்லூரியில் வேதியியல் ஆசிரியனானேன். ஆனால் பழைய மாணவர்கள் என்னை நினைவில் வைத்திருப்பது தேர்வுக் கூடத்தில் பிட்டுப் பிடித்ததற்காக. சட்டைக் கையை மடித்திருக்கும் விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்று பேர். சோதித்து ஒன்றும் கிடைக்காவிட்டால் எங்கே மறைத்தான் என்றுதான் யோசிப்பேன். இல்லாமலே இருக்கலாம் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

காதர் வேறு மாதிரி. அவன் அப்பாவுக்கு ஊருக்குள் இலவம்பஞ்சு மெத்தைக் கடை. பள்ளி முடிந்ததும் கடையில் உட்கார்ந்துவிட்டான். நான் கல்லூரியில் படிக்கக் கிளம்பிய அன்று, தலையெல்லாம் பஞ்சோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்றான். "போடா சம்பந்தம். நீ போய் ஆக்ஸிஜன் தயார் பண்ணு. நான் ஜனங்க தூங்கறதுக்கு மெத்தை தயார் பண்றேன். எதுக்கு கிராக்கி ஜாஸ்தின்னு பாக்கலாம்."

தனியாக இருக்கும்போது டா போட்டுப் பேசுவான். நாலு பேர் முன்னால் 'சாரு' என்பான். எனக்கு அது பிடித்திருந்தது. இதையும் சொல்லிவிட வேண்டியதுதான்.

படகு வந்த கதை

நொச்சி ஏரி எங்கள் தெருவுக்கும் பைபாஸுக்கும் நடுவில் இருக்கிறது. அதன் தண்ணீரில் விளைந்த வயல்கள் மனைகளாகிவிட்டன. அந்த மனைகளில் வீடு கட்டிய நாங்கள் ஏரிக்கு முதுகைக் காட்டிக் கட்டினோம். பின்கதவு வழியாகக் குப்பை கொட்டினோம். நானும் கொட்டியிருக்கிறேன்.

ஒரு கோடையில் நாற்றம் தாங்காமல் நாலைந்து பேர் கூடினோம். அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பத்மநாபன், அடுத்த தெரு கலைவாணி டீச்சர், இன்னும் சிலர். ஊருக்குள் இருந்த காதரை நான்தான் இழுத்து வந்தேன். ஆகாயத்தாமரையை அள்ளினோம். கரையில் புங்கன் கன்று நட்டோம். கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில்தான், மனு கொடுத்துவிட்டு நடந்தே திரும்பிவிடலாம். அந்த வகையில் எங்களுக்கு வசதி.

எனக்கும் பத்மநாபனுக்கும் ஏரியைச் சுற்றி முள்வேலி போட்டுப் பூட்டிவிட வேண்டும் என்று ஆசை. காதர்தான் மறுத்தான்.

"காவல் காத்துகினே இருந்தா எவனும் கிட்ட வரமாட்டான் சார். ஜனங்க வந்து ஒக்காரணும், சிரிக்கணும். ஒரு வாட்டி சிரிச்ச எடத்துல குப்பை போட மனசு வராது."

எங்கிருந்தோ ஒரு பழைய மரப்படகை வாங்கி லாரியில் ஏற்றி வந்தான். நீல வண்ணம் அடித்தான். ஞாயிறு மாலை சவாரி. சோப்பு கூடாது, பிளாஸ்டிக் கூடாது, முக்குளிப்பான் பறவை கூடு கட்டும் நாணல் பக்கம் போகக் கூடாது. இந்தச் சட்டங்களை நான் எழுதினேன். ஜனங்கள் காது கொடுத்துக் கேட்டது காதர் சொன்னதால். "கைய தண்ணியில வுடாதீங்கம்மா, இங்க மீனுங்க மோதிரத்த கழட்டிக்கும்" என்பான். படகே குலுங்கிச் சிரிக்கும்.

படகின் சாவியும் கரையோரக் கொட்டகையின் சாவியும் அவன் இடுப்பு பெல்ட்டில் தொங்கின.

விஜயாவின் பொரி

என் மனைவி விஜயா கடைசி வருடம் அதிகம் நடக்க முடியாமல் இருந்தாள். மாலையில் கரையில் நாற்காலி போட்டு உட்கார வைப்பேன். மடியில் ஒரு காகிதப் பொட்டலத்தில் பொரி. ஒவ்வொரு பிடியாகத் தண்ணீரில் போடுவாள். ஜிலேபி மீன்கள் வாயைத் திறந்துகொண்டு மேலே வரும். "ஒங்க ஸ்டூடண்ட்ஸ் மாதிரியே இருக்குதுங்க, ஒண்ணும் புரியாம வாயப் பொளந்துகினு" என்பாள்.

அவள் போன பிறகு அவள் பெயரில் எதையாவது செய்ய வேண்டும் என்று மனம் அலைந்தது. பௌர்ணமிதோறும் கிரிவலம் முடித்தவர்கள் வெளியூர் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு எங்கள் கரையில் உட்கார்ந்திருப்பார்கள். கால் வலியோடு இருப்பவர்கள். அவர்கள் கையால் மீனுக்குப் பொரி போட்டால் அவர்களுக்கும் புண்ணியம், விஜயாவுக்கும் புண்ணியம் என்று நினைத்தேன். ஒரு பந்தல், மூட்டை மூட்டையாகப் பொரி, இலவசம். பிளாஸ்டிக் கூடாதல்லவா, அதனால் மந்தாரை இலைத் தொன்னை. 'விஜயா நினைவாக' என்று ஒரு பலகை.

வரிசை நின்றது. குழந்தைகள் போட்டார்கள், பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு போட்டார்கள். ஏரி வெள்ளையாகத் தெரிந்தது. அதையும் பலகையையும் பார்த்து நான் அழுதேன்.

காதர் பந்தலில் நின்று தொன்னை எடுத்துக் கொடுத்தான். அன்று ஒருமுறை, "கொஞ்சம் கம்மியா வாங்கலாமாடா?" என்று காதோரம் கேட்டான். செலவை நினைத்துச் சொல்கிறான் என்று எண்ணி, "என் காசுதானே" என்றேன். அவன் அடுத்த தொன்னையை எடுத்தான்.

விரால் மட்டும் சாகவில்லை

அதற்குப் பிறகுதான் மீன்கள் சாக ஆரம்பித்தன. பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில், கரையோரம் சில கெண்டைகள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதக்கும்.

நான் யாரையும் விடவில்லை. பைபாஸ் லாட்ஜ்காரர்களைச் சந்தேகப்பட்டேன். ஏரியைத் தூர்த்து மனை போடப் பார்க்கும் தரகர்களைச் சந்தேகப்பட்டேன். தண்ணீர் லாரிக்காரர் என்னைப் பார்த்து வணக்கம் சொன்னால், இவன் ஏன் இன்று வணக்கம் சொல்கிறான் என்று திரும்பிப் பார்த்தேன். ஒரு நடுப்பகலில் பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போய்ப் பழைய மாணவர் ஒருவரின் ஆய்வுக்கூடத்தில் கொடுத்தேன். பூச்சிமருந்து இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னேன்.

இல்லை என்று வந்தது. கெட்டிக்காரத்தனமாகத்தான் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மாடியிலிருந்து காதரைப் பார்த்தேன். பிறகு எல்லாம் தானாகப் பொருந்தியது. என்னிடம் இருந்த மாற்றுச் சாவியால் கொட்டகையைத் திறந்து பார்த்தேன். கொசுவலைத் துணியில் தைத்த ஒரு பை, மூங்கில் கழியில் கட்டி. பக்கத்தில் ஈரக் கோணி. புளித்துப்போன ஒரு வாடை. மீன் திருடுகிறவர்கள் புளித்த தவிட்டைத் தூவி மீன்களை ஓரிடத்தில் கூட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கொசுவலை என்றால் குஞ்சு குளுவான்கூடத் தப்பாது.

இன்னொன்றும் கவனித்தேன். செத்தவற்றில் விராலும் இல்லை, கெளுத்தியும் இல்லை. விலை போகிற விராலை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறான் என்று எண்ணினேன். விரால் தண்ணீருக்கு மேலே வந்து காற்றைச் சுவாசிக்கிற மீன். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த அந்த விஷயம் அன்று என் பக்கத்திலேயே வரவில்லை.

பத்மநாபனிடம் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"சார், நானா சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். அவரு தங்கச்சி பையன் பைபாஸ்ல மெஸ் வச்சிருக்கான். மீன் குழம்புதான் அங்க ஸ்பெஷல். எத்தினி வருஷம் பழகுனாலும் அந்த ஆளுங்க..."

வாக்கியத்தை முடிக்காமல் என்னைப் பார்த்தார். நான் "அப்படிப் பேசாதீங்க" என்று சொல்லவில்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று இங்கே எழுத ஆசைதான். ஆனால் அந்த முடியாத வாக்கியம் என் மனத்துக்குள் முடிந்தது. முடித்தது நான்.

புங்க மரத்தடியில்

அடுத்த ஞாயிறு, சவாரிக்கு முன்னால் கூட்டம். பத்மநாபன் தொண்டையைச் செருமினார்.

"பாய், தப்பா எடுத்துக்காதீங்க. பௌர்ணமிக்கு மறுநாள் காலங்காத்தால படகு எடுக்கறீங்களாமே?"

"எடுக்கறேன்."

"இன்னாத்துக்கு?"

காதர் என்னைப் பார்த்தான். பிறகு என் பின்னால் மரத்தில் சாய்த்து வைத்திருந்த பலகையைப் பார்த்தான். விஜயாவின் பெயர் எழுதிய பலகை.

"மூட்டையில இன்னா போவுது பாய்?"

"மீன் இல்ல."

"மீனுன்னு நாங்க சொல்லவே இல்லியே!" வழக்கில் ஜெயித்தவர் போலப் பத்மநாபன் எங்களைச் சுற்றிப் பார்த்தார். சிலர் சிரித்தார்கள்.

கலைவாணி டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. "இது இன்னா போலீஸ் ஸ்டேஷனா? படகே அவரு வாங்கியாந்தது. நீங்க இதுவரைக்கும் ஒரு கயிறு வாங்கிக் குடுத்திருப்பீங்களா பத்மநாபன்?"

"டீச்சர், கேள்வி கேட்டா பதில் சொல்லணும், இல்லியா?"

காதர் மெதுவாகச் சொன்னான்: "சாருக்கு என்னைத் தெரியும். அவரு சொல்லட்டும்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். தேர்வுக் கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன்கள் இப்படித்தான் என்னைப் பார்ப்பார்கள். நான் அந்தப் பழைய குரலிலேயே பேசினேன்.

"எதுக்கு வம்பு? சாவி கொஞ்ச நாளைக்கு கமிட்டிகிட்டயே இருக்கட்டும்."

காதர் பெல்ட்டிலிருந்து சாவிகளைக் கழற்றி என் கையில் வைத்தான். உலோகம் அவன் உடம்புச் சூட்டோடு இருந்தது.

"மழைக்கு முன்னாடி அடியில ஒரு வாட்டி தார் பூசிடுங்க. வலது துடுப்பு கொஞ்சம் லூசு, பாத்துக்கங்க."

கரையில் ஆரஞ்சு மிதவைச் சட்டையோடு காத்திருந்த ஒரு சின்னப் பெண், "பாய் தாத்தா, இன்னிக்கு போட் இல்லியா?" என்றாள்.

"இருக்கு கண்ணு. சாரு ஓட்டுவாரு."

அன்று யாரும் ஓட்டவில்லை. எங்களில் ஒருவருக்கும் துடுப்புப் போடத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் குழுவின் வாட்ஸப்பிலிருந்து அவனை நீக்கினேன். நான்தான் அட்மின்.

அடுத்த பௌர்ணமி

அந்தப் பௌர்ணமிக்குக் கூட்டம் அதிகம். பொரியும் அதிகம். படகைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தோம். இனி மீன் சாகாது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அதற்கு அடுத்த நாளும் ஒன்றும் நடக்கவில்லை. பத்மநாபன் காலை நடையில் என் கையைக் குலுக்கினார். "பாத்தீங்களா சார்?"

மறுநாள் விடிந்தபோது ஏரி மறுபடியும் வெள்ளையாகத் தெரிந்தது. பொரி என்று நினைத்தேன். இறங்கிப் போய்ப் பார்த்தால் மீன்கள். கரையிலிருந்து மதகு வரைக்கும் வயிறு வயிறாக. உயிரோடு இருந்தவை தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயை வைத்துத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. விஜயா சிரித்தாளே, அதே வாய்கள்.

மதகு மூலையில் காற்று கொண்டுவந்து ஒதுக்கிய ஊறிய பொரி, அடை போல் மிதந்தது. கையால் அள்ளினேன். கூழாக வழிந்தது. புளித்த வாடை.

கொட்டகையில் முகர்ந்த அதே வாடை.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மாவுப்பொருள் தண்ணீரில் அழுகினால், அதை அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். விடியற்காலையில் அது மிகவும் குறைந்துபோகும். கரும்பலகையில் வருடா வருடம் படம் போட்டு நடத்திய பாடம். நடுப்பகலில் பாட்டிலை நிரப்பி விஷத்தைத் தேடிய ஆசிரியனும் நான்தான்.

கொசுவலைப் பையால் காதர் அள்ளியது பொரியை. மூட்டையிலிருந்து சொட்டியது பொரித் தண்ணீர். ஏரியைக் காத்துவந்தவனிடமிருந்து சாவியைப் பிடுங்கிவிட்டு, ஏரியைக் காப்பாற்றிவிட்டதாக நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

மெத்தைக் கடையில்

அன்று மத்தியானமே கடைக்குப் போனேன். இப்போது அங்கே ஃபோம் மெத்தைகள்தான் அதிகம். மூலையில் மட்டும் பழக்கத்துக்காக ஒரு இலவம்பஞ்சு மூட்டை. காதர் தலையணை உறைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்து, "வாங்க சார்" என்றான். கடையில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

"சார்னு கூப்பிடாதடா."

"ஒக்காருங்க."

"ஏன்டா சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

அவன் நாடாவைக் கீழே வைத்தான்.

"இன்னான்னு சொல்றது? ஒன் பொண்டாட்டி பேர்ல போடற பொரி அழுவுது, நாறுதுன்னா? அந்தப் பலகைய பாத்து நீ அழுத அன்னிக்கு நான் பக்கத்துல நின்னேன்டா."

டா வந்துவிட்டது. எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"கூட்டத்துலயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

"கூட்டத்துலயா?" சிரித்தான். சிரிப்பு நல்லதாக இல்லை. "பௌர்ணமி, பொரி, பாய். இது மூணும் ஒரே பேச்சுல வந்தா வெளிய போறதுக்குள்ள இன்னாவா மாறும்னு ஒனக்குத் தெரியாதா? சாமி கும்புட வந்தவங்கள பொரி போட வேணாம்னு பாய் தடுக்கறான்னு ஆவும். நாறுச்சு, அள்ளுனேன். எங்க மாமா தென்னந்தோப்புல குழி வெட்டி கொட்டுனேன். அவ்ளோதான். நீ கெமிஸ்ட்ரி வாத்தியாரு, இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு ஒனக்கே தோணும்னு இருந்தேன்."

"தோணலைடா."

"ஆமாம். ஒனக்கு வேற தோணுச்சு."

மன்னித்துவிடு என்று சொன்னேன். அவன் ஊசியில் நூல் கோக்க முயன்றான். கண் சரியாகத் தெரியாமல் இரண்டு மூன்று முறை தவறியது. நான் வாங்கிக் கோத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். சாவிகளை மேசைமேல் வைத்தேன். அவற்றை மட்டும் என் பக்கமே தள்ளிவிட்டான்.

"தார் பூசிட்டீங்களா சார்?" என்றான்.

துடுப்பு

பந்தலைப் பிரித்தேன். பலகையை எடுத்து வந்து வீட்டில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். பத்மநாபன், "எப்படி இருந்தாலும் அவரு அன்னிக்கே சொல்லியிருக்கணும் சார்" என்றார். கலைவாணி டீச்சர் எழுந்து போய்த் தனியாக நின்றார். காதரை வாட்ஸப் குழுவில் மறுபடி சேர்த்தேன். இருந்தான். ஆனால் ஒரு வார்த்தை போடவில்லை. ஏரிப் பக்கமும் வரவில்லை.

பந்தல் இல்லாவிட்டாலும் ஜனங்கள் பழகிவிட்டார்கள். தாங்களே பொரி வாங்கி வந்து போடுகிறார்கள். நான் பழக்கிய பழக்கம். 'ஒரு பிடி போதும்' என்று எழுதி வைத்தேன். படித்துவிட்டுப் பை நிறையக் கொட்டினார்கள்.

அதனால் துடுப்புப் போடக் கற்றுக்கொண்டேன். முதலில் படகு நின்ற இடத்திலேயே சுற்றியது. வலது துடுப்பு லூசுதான். இப்போது பௌர்ணமிக்கு மறுநாள் விடிந்தும் விடியாமலும் கிளம்பி, காதர் தைத்த கொசுவலைப் பையால் அள்ளுகிறேன். மூட்டை கனக்கிறது. தோள் இரண்டு நாள் வலிக்கும். இத்தனையையும் ஏன் சொல்கிறேன் என்றால், அவன் இதைச் செய்தபோது யாரிடமும் தோள் வலி என்று சொல்லவில்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் அப்படி அள்ளிக்கொண்டிருந்தபோது கரையோரப் புது அடுக்குமாடியின் பால்கனியில் ஒருவர் நின்று செல்போனை என் பக்கம் நீட்டியிருந்தார். படம் எடுக்கிறார் என்று தெரிந்தது. என்ன நினைத்திருப்பார் என்பதும் தெரிந்தது. நான் நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்து கையைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தேன். புதிதாகக் குடிவந்த அவரையும் குழுவில் சேர்த்திருந்தோம். மங்கலான ஒரு படம். படகு, குனிந்த முதுகு, கோணி. கீழே எழுதியிருந்தார்: "யார் இந்த ஆள்? இந்த நேரத்தில் ஏரியில் என்ன திருடுகிறார்? கமிட்டி கவனிக்கவும்."

அதற்குக் கீழே, அடுத்த நிமிடமே ஒரு பதில். மெத்தைக் கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். காலைத் தொழுகை முடிந்து திரும்பும் நேரமாக இருந்திருக்க வேண்டும்.

"அது நம்ம சாரு. தண்ணிய சுத்தம் பண்றாரு. எனக்குத் தெரியும்."

அந்தக் குழுவில் காதர் எழுதியது இதுவரை அந்த ஒன்றுதான். புங்க மரத்தடியில் எல்லோரும் என்னைப் பார்த்தபோது நான் சொல்ல வேண்டியிருந்ததும் அவ்வளவுதான்.